புவெப்லாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோ தலைநகருக்கு வரும் பயணிகள் பலர் புவெப்லாவை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காலையில் பஸ் ஏறி, பேராலயத்தின் முன் நின்று படம் எடுத்து, மதியம் மோலே என்னும் உள்ளூர்க் குழம்பில் ஒரு தட்டு சாப்பிட்டு, மாலையில் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். அடுத்த முறை நான்கு நாள் தங்கினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். 1531-இல் ஸ்பானியர்கள் வெறும் சமவெளியில் கோடு கிழித்து எழுப்பிய நகரம் இது. நடந்து பார்த்தால்தான் புரியும். நடப்பதற்கு நேரம் வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் மெக்சிகோ விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் விசா கையில் இருந்து, அது இன்னும் காலாவதியாகாமல் இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். விமான நிலையத்தில் அதிகாரி எத்தனை நாள் தங்க அனுமதித்தார் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். 180 நாள் என்பது மேல்வரம்பு. எல்லோருக்கும் அவ்வளவு கிடைத்துவிடாது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆனால் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை நேரம் உங்களுக்கே. மழைக்காலத்தில் போவதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு, அதைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன். நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.

போய்ச் சேர்வது

தலைநகர விமான நிலையத்திலிருந்தே புவெப்லாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது. தலைநகருக்குள் தங்கப்போவதில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே தேவையில்லை. தலைநகரில் தங்கியிருப்பவர்கள் ‘தாப்போ’ என்ற கிழக்குப் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். சான் லாசரோ மெட்ரோ நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டு மணி நேரப் பயணம் என்பார்கள்; தலைநகரின் போக்குவரத்து நெரிசலுக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் குளிரும், பஸ்ஸுக்குள் ஏசியும் குளிரும். மேல்சட்டையைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலான பஸ்கள் நிற்கும் இடம் ‘காப்பு’. அது நகர மையத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வெளியே வந்து கூப்பிடுபவர்களின் வண்டியில் ஏறாமல், நிலையத்துக்குள்ளேயே உள்ள டாக்சிச் சாளரத்தில் போகும் இடத்தைச் சொல்லிச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் அங்கேயே முடிந்துவிடும், பேரம் கிடையாது. தங்குமிடத்தை ‘சோக்கலோ’ என்னும் மையச் சதுக்கத்திலிருந்து ஏழெட்டுத் தெருவுக்குள் பார்த்துக்கொண்டால், பிறகு வண்டியே தேவைப்படாது.

முகவரியே வரைபடம்

முதல் நாள் மாலை, பெட்டியை வைத்த கையோடு, இதைக் கற்றுக்கொள்ளுங்கள். புவெப்லாவில் பெரும்பாலான தெருக்களுக்கு எண்தான் பெயர். ‘4 ஓரியென்தே’, ‘4 போனியென்தே’, ‘4 நோர்த்தே’, ‘4 சூர்’ என்ற நான்கும் நான்கு வெவ்வேறு தெருக்கள். கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் டாக்சிக்காரர் உங்களை வேறெங்கோ இறக்கிவிடுவார்.

முறை இதுதான். சோக்கலோவின் வடமேற்கு மூலையில் இரண்டு அச்சுத் தெருக்கள் வெட்டிக்கொள்கின்றன. வடக்கு தெற்காக ஓடுவது வடபாதியில் ‘5 தெ மாயோ’, தென்பாதியில் ‘16 தெ செப்தியெம்ப்ரே’. கிழக்கு மேற்காக ஓடுவது மேற்கில் ‘ரெஃபோர்மா’, கிழக்கில் ‘பலஃபோக்ஸ் இ மெந்தோசா’. கிழக்கு மேற்குத் தெருக்களில், அச்சுக்கு வடக்கே இருப்பவற்றுக்கு 2, 4, 6 என இரட்டை எண்கள். தெற்கே இருப்பவற்றுக்கு 3, 5, 7 என ஒற்றை எண்கள். அதே தெரு அச்சுக்குக் கிழக்கே ‘ஓரியென்தே’, மேற்கே ‘போனியென்தே’. வடக்கு தெற்குத் தெருக்களில் கிழக்குப் பக்கம் இரட்டை, மேற்குப் பக்கம் ஒற்றை. வடபாதி ‘நோர்த்தே’, தென்பாதி ‘சூர்’.

வீட்டு எண்ணும் இடத்தைச் சொல்லும். ‘2 சூர் 708’ என்றால் 2 சூர் தெருவில், 7-ஆம் தெருவைத் தாண்டி 9-ஆம் தெருவுக்கு முன்னால். அங்கே இருப்பது அம்பாரோ அருங்காட்சியகம். ‘5 ஓரியென்தே 5’ என்றால் அச்சிலிருந்து முதல் தெருத்துண்டிலேயே. அது பலஃபோக்ஸ் நூலகம். அரை மணி நேரம் எண்களைப் பார்த்தபடி நடந்தால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடலாம். அந்நிய ஊரில் வழி தெரிந்து நடப்பதைப் போலத் தெம்பு தருவது வேறில்லை.

முதல் பகல்: சதுக்கத்தைச் சுற்றி

ஒன்றை முன்கூட்டியே திட்டமிடுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். அம்பாரோ மட்டும் திங்களன்று திறந்திருக்கும், செவ்வாயன்று விடுமுறை. திங்களில் வந்து சேர்பவர்கள் அன்றைக்கு அம்பாரோவையும் தேவாலயங்களையும் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய மக்களின் சிற்பங்களை முதலில் அம்பாரோவில் பார்த்துவிட்டால், பின்னால் பார்க்கப்போகும் ஒவ்வொரு தேவாலயத்திலும் அந்தச் சிற்பிகளின் பேரப்பிள்ளைகளுடைய கை தெரியும். அதன் மொட்டைமாடியிலிருந்து பேராலயக் கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

பேராலயத்தின் கட்டுமானம் 1575-இல் தொடங்கியது. ஆயர் ஹுவான் தெ பலஃபோக்ஸ் 1649-இல் அதை அருட்பொழிவு செய்தார். கோபுரங்கள் ஏறக்குறைய 70 மீட்டர் உயரம். வெளிச் சுற்றுவேலியின் தூண்கள் மேல் வரிசையாகத் தேவதூதர்கள் நிற்கிறார்கள்; நகரத்தின் பழைய பெயரே ‘தேவதூதர்களின் புவெப்லா’ என்பதுதான். பெரிய மணியை யாராலும் மேலே ஏற்ற முடியாமல் வேலையாட்கள் தூங்கிப்போன இரவில், தேவதூதர்களே இறங்கிவந்து அதைக் கோபுரத்தில் மாட்டினார்கள் என்று ஊரார் சொல்வார்கள்.

தெற்கே அடுத்த தெருவில் பலஃபோக்ஸ் நூலகம். 1646-இல் அந்த ஆயர் தம்முடைய 5,000 நூல்களைக் கொடுத்தார். படிக்கத் தெரிந்த எவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அமெரிக்கக் கண்டங்களின் முதல் பொது நூலகம் என்று இதைச் சொல்வது அதனால்தான். மூன்றடுக்கு மர அலமாரிகளில் இன்று 45,000-க்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் பழைய மரமும் தோலட்டையும் கலந்த வாசனை வரும். அவசரப்படாமல் சற்று நேரம் நில்லுங்கள்.

பிறகு 5 தெ மாயோ தெருவில் வடக்கே நடந்தால் சாந்தோ தொமிங்கோ தேவாலயம். அதன் இடப்பக்கம் உள்ளே போனால் செபமாலை அன்னையின் சிற்றாலயம். 1690-இல் திறக்கப்பட்டது. சுவரிலும் கூரையிலும் ஒரு சாண் இடம் விடாமல் சுதை வேலைப்பாடு, அத்தனைக்கும் பொன்தகடு. காலை வெயில் மாடத்தின் சன்னல் வழியாக இறங்கும்போது போங்கள். வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதற்காக நுழையாதீர்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

நம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்

சோக்கலோவிலிருந்து கிழக்கே பலஃபோக்ஸ் இ மெந்தோசா தெருவில் போனால், 4 சூர் முனையில் யேசு சபையாரின் ‘கொம்பான்யியா’ தேவாலயம். வழிகாட்டிகள் வெளியே நின்றபடி இரண்டு வரியில் முடித்துவிடும் இடம் இது. நம் ஊர்களிலிருந்து போகிறவர்கள் இங்கே நின்று போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இங்கே அடக்கமானவர் பெயர் கத்தரீனா தெ சான் ஹுவான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே போர்ச்சுகீசிய ஆள்பிடிப்பவர்கள் அவரைக் கடத்திச் சென்றார்கள். கொச்சியில் திருமுழுக்குக் கொடுத்தார்கள், மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து பசிபிக்கைக் கடக்கும் கப்பலில் அகப்புல்கோ துறைமுகத்துக்கு வந்து, புவெப்லாவில் மிகேல் தெ சோசா என்ற தளபதியின் வீட்டில் அடிமையானார். பின்னர் விடுதலை பெற்று, இறைவேண்டலிலேயே வாழ்ந்து, 1688-இல் இறந்தபோது நகரமே அவரைப் புனிதையாக எண்ணித் திரண்டது. அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த அலோன்சோ ராமோஸ் மூன்று தொகுதிகளில் அவர் வாழ்க்கையை எழுதி அச்சிட்டார். சில ஆண்டுகளுக்குள் திருச்சபை விசாரணை மன்றம் அந்த நூலைத் தடைசெய்துவிட்டது.

இன்று கடைகள்தோறும் ‘சீனா பொப்லானா’ என்ற பெயரில் பூவேலைச் சட்டையும் மினுங்கும் பாவாடையும் தொங்குகின்றன. அந்த உடை கத்தரீனாவிடமிருந்து வந்தது என்பார்கள். ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் எல்லோரையும் அன்று ‘சீனர்’ என்றே அழைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். உடையோ 19-ஆம் நூற்றாண்டினுடையது. அவர் உடுத்தியதெல்லாம் எளிய துணி. வாங்குவதானால் அழகுக்காக வாங்குங்கள், அவர் நினைவாக என்று எண்ணி வாங்காதீர்கள். நினைவுக்குக் கொம்பான்யியாவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே போதும்.

அந்த மணிலாக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை ஓடின. தலைநகருக்கும் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த புவெப்லாவுக்கு இரண்டு கடல்களின் சரக்கும் வந்தது. சீனத்து நீலவெள்ளைப் பீங்கானைப் பார்த்துத்தான் இங்குள்ள குயவர்கள் தங்கள் மண்பாண்டத்தில் அந்த நீலத்தைத் தீட்டினார்கள்.

சாப்பாடு

மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு, அதுவும் இரண்டு மணிக்கு மேல்தான். ‘கொமிதா கொரிதா’ என்று பலகை தொங்கும் சிறிய உணவகங்களில் சூப், சோறு, ஒரு முதன்மை உணவு, பழரசம் எல்லாம் சேர்த்து ஒரே விலை. உள்ளூர் வேலையாட்கள் உட்கார்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள். எழுந்து போகும்போது பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து ‘புரோவெச்சோ’ என்று சொல்வது இங்கே வழக்கம். உங்கள் சாப்பாடு உடலுக்கு நன்றாகச் சேரட்டும் என்று பொருள். நீங்களும் சொல்லுங்கள், முகம் மலர்வார்கள்.

மோலே பொப்லானோவை மிளகாய்க் குழம்பு என்று சொன்னால் பாதிதான் சரி. முலாத்தோ, ஆஞ்சோ, பசீயா என்று பலவகை வற்றல் மிளகாய், எள், பாதாம், நிலக்கடலை, உலர்திராட்சை, பட்டை, கிராம்பு, மிளகு, கடைசியில் சாக்லேட். மிளகாயும் நிலக்கடலையும் இந்தக் கண்டத்தின் சொத்து. மிளகும் பட்டையும் நம் பக்கத்துக் கரைகளிலிருந்து போனவை. மிளகாய் போர்ச்சுகீசியக் கப்பலில் நம் அடுக்களைக்கு வந்து சேர்ந்த கதையின் மறுபாதி இந்தச் சட்டியில் கொதிக்கிறது. முதல் வாயில் இனிப்பாகத் தோன்றும். மூன்றாவது வாயில்தான் காரம் வந்து நிற்கும்.

மழைக்காலத்தில் போக ஒரு காரணம் என்றேனே, அது ‘சீலெஸ் என் நொகாதா’. பெரிய பச்சை மிளகாய்க்குள் இறைச்சியும் பழங்களும் அடைத்து, வால்நட் அரைத்த வெள்ளைச் சாறு ஊற்றி, மேலே மாதுளை முத்துகளையும் கொத்தமல்லி போன்ற பச்சிலையையும் தூவுவார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் உண்மையான பருவம். புது வால்நட்டும் மாதுளையும் அப்போதுதான் கிடைக்கும்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேட்டால், கோழியையும் பன்றித் துண்டையும் சிலர் இறைச்சிக் கணக்கில் எடுக்காமல் போட்டுத் தந்துவிடுவார்கள். ‘சின் போயோ, சின் ஹமோன், சின் மந்தேக்கா’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்: கோழி வேண்டாம், பன்றித் தொடை வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம். அவரைப் பருப்பு மசியலிலும், ஆவியில் வேகவைக்கும் ‘தமால்’ சோள மாவிலும், ‘சலூப்பா’ என்ற சிறு சோள அடையிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சகஜம். மோலேயில் பெரும்பாலும் கோழிச் சாறு ஊற்றியிருப்பார்கள். நம்பிக்கையாகச் சாப்பிடக்கூடியவை: பூசணிப்பூவோ சோளக் காளானோ வைத்து மடித்த அடையான கெசதீயா, நொப்பால் கள்ளிப் பொரியல், கோப்பையில் தரும் சோள முத்து. ‘செமித்தா’ என்ற எள் தூவிய ரொட்டியை வெறும் சீஸும் அவகாடோவும் வைத்துத் தரும்படி கேட்கலாம். அதில் வைக்கும் பாப்பலோ இலையின் வாசம் கடுமையானது. பிடிக்காவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். 6 ஓரியென்தே தெரு முழுக்க மிட்டாய்க் கடைகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த ‘கமோத்தே’ அங்கே வாங்க வேண்டியது.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பல் துலக்கவும் புட்டித் தண்ணீரே நல்லது. உணவகத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சன்மானம் வைப்பது வழக்கம். சிறு கடைகளுக்கும் கழிவறைகளுக்கும் சில்லறை பேசோ வைத்திருங்கள். ஏடிஎம்மில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்றுவிகிதம் எப்போதும் நட்டம்.

இரண்டாம் பகல்: ஆற்றுக்கு அந்தப் பக்கம்

நகர மையத்தின் கிழக்கே அகலமான சாலை ஒன்று ஓடுகிறது. அது ஒருகாலத்தில் சான் பிரான்சிஸ்கோ ஆறு. 1960-களில் குழாய்க்குள் அடைத்து மேலே சாலை போட்டார்கள். ஆற்றின் இந்தப் பக்கம் ஸ்பானியர்கள், அந்தப் பக்கம் நகரத்தைக் கட்டிய பூர்வகுடி மக்கள். ‘அனல்கோ’ என்ற பேட்டையின் பெயருக்கு நவாத்ல் மொழியில் ‘தண்ணீருக்கு அப்பால்’ என்றே பொருள். தண்ணீர் போய்விட்டது, பெயர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அனல்கோ பூங்காவில் சந்தை கூடும். அதே நாளில் இந்தப் பக்கம் ‘சாப்போஸ்’ சந்தில் பழம்பொருள்கள் பரப்பியிருப்பார்கள். இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம்.

வடகிழக்குக் குன்றில் லொரேத்தோ, குவாதலூப்பே கோட்டைகள். 1862 மே 5 அன்று தளபதி இக்னாசியோ சரகோசாவின் படை பிரெஞ்சுப் படையை இங்கே முறியடித்தது. வெளிநாடுகளில் பலர் இதை மெக்சிகோவின் சுதந்திர நாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது செப்டம்பர் 16. மே 5 புவெப்லாவின் நாள்.

இந்த ஊர்க் குயவர்களின் வண்ண மண்பாண்டமான தலவெராவை வாங்குவதானால் கடைக்கு முன் பட்டறைக்குப் போங்கள். 4 போனியென்தே 911-இல் உள்ள உரியார்த்தே 1824 முதல் நடக்கிறது. இரண்டு வகை மண்ணைக் கலந்து, பிசைந்து, வனைந்து, உலர்த்தி, ஒருமுறை சுட்டு, வெள்ளை மெருகு பூசி, கையால் தீட்டி, மறுபடி சுடுகிறார்கள். இதைப் பார்த்தபின் விலை அதிகம் என்று சொல்ல மனம் வராது. உண்மையான தலவெராவில் வண்ணம் விரலுக்குச் சற்றே புடைப்பாகத் தட்டுப்படும்; வெள்ளை பால் போல இருக்கும், பளீரென்று இருக்காது; அடியில் பட்டறையின் கையொப்பம் இருக்கும். மலிவான சாயல் பாண்டங்களை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் சாப்பிடாதீர்கள்.

மூன்றாம் பகல்: சொலூலா

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே சொலூலா. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பசுமையான குன்று, அதன் தலையில் மஞ்சள் தேவாலயம். அது குன்றல்ல. ஒரு பக்கம் 400 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பிரமிடு. கொள்ளளவில் உலகிலேயே பெரியது. அடுக்குமேல் அடுக்காகப் பல நூற்றாண்டுகள் கட்டப்பட்டு, மண் மூடிக் கிடந்தது. 1931 முதல் தொல்லியலாளர்கள் உள்ளே ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி அதன் அடுக்குகளை அறிந்தார்கள். 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேசின் படை இந்த ஊரில் மக்களைக் கொன்று குவித்தது. படியேறும்போது அதுவும் நினைவில் இருக்கட்டும்.

காலை எட்டு மணிக்குள் மேலே ஏறிவிடுங்கள். அப்போதுதான் போப்போகதேபெத்ல் எரிமலை மேகமில்லாமல் தெரியும். 5,400 மீட்டர் உயரத்தில் இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. சில நாள் நகரத்தில் சாம்பல் விழும்; அன்றைக்கு முகக்கவசம் அணியுங்கள், கண்ணில் வில்லை போடாதீர்கள்.

திரும்பும் வழியில் தொனன்சிந்த்லா கிராமத்துத் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். நகரத்துப் பொன் சிற்றாலயத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பூர்வகுடிக் கைவினைஞர்கள், இங்கே தேவதூதர்களுக்குத் தங்கள் முகத்தையும் நிறத்தையும் கொடுத்தார்கள், நடுவே சோளக் கதிரும் மிளகாயும் பழங்களும் வைத்தார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அது நல்லதுதான், கண்ணால் பார்க்க வேண்டிய இடம். என் கணக்கில் மெக்சிகோவிலேயே மிக அன்பான கட்டடம் இதுதான்.

சில எச்சரிக்கைகள்

பகலில் மையப் பகுதி நிம்மதியாக நடக்கக்கூடியது. இரவு பத்துக்கு மேல் ஆளில்லாத தெருக்களையும் சந்தைகளைச் சுற்றிய பகுதிகளையும் தவிர்த்து, செயலி வழியாக வண்டி கூப்பிடுங்கள். அவசர எண் 911. நிலநடுக்கம் வரும் பூமி இது. 2017 செப்டம்பர் 19 நடுக்கத்தில் பல தேவாலயங்கள் சேதமடைந்தன. தங்குமிடத்தில் பச்சைப் பலகையில் குறித்திருக்கும் பாதுகாப்பு இடம் எங்கே என்று முதல் இரவே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறைவு. எதைக் கேட்பதானாலும் முதலில் ‘புவெனோஸ் தீயாஸ்’ என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வணக்கமில்லாமல் கேள்வியைத் தொடங்குவது இங்கே மரியாதைக் குறைவு.

மோலே விழுது வாங்கியிருந்தால் அதை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். தலவெராவைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே புவெப்லாவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். தலைநகருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இடப்பக்கச் சன்னலைக் கேளுங்கள். காலை நேரமென்றால் போப்போகதேபெத்லும் அதன் துணைமலை இஸ்தாக்சிவாத்லும் வெகுதூரம் உங்களோடு வரும்.